போர்முனை நிருபர்: ரஸ்ஸல் முதல் கால்வின் வரை

1854-இல் வில்லியம் ஹோவர்ட் ரஸ்ஸல் என்ற அயர்லாந்துக்காரரைக் கிரிமியப் போருக்கு அனுப்பியது லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகை. தளபதி ராக்லன் அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இளம் அதிகாரிகளோடு பழகித்தான் அவர் செய்தி திரட்டினார். பாலக்லாவாவில் பிரிட்டிஷ் குதிரைப்படை ரஷ்யப் பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்து சிதறியது அக்டோபர் 25-இல். ரஸ்ஸல் எழுதியது லண்டனில் அச்சேறியது நவம்பர் 14-இல். இருபது நாள் பழைய செய்திதான். ஆனாலும் நோயிலும் குளிரிலும் சிப்பாய்கள் கவனிப்பாரற்றுச் சாவதை அவர் எழுத எழுத மக்கள் கொதித்தார்கள்; 1855 தொடக்கத்தில் அபர்தீன் பிரபுவின் அரசு கவிழ்ந்தது. மறு ஆண்டே ராணுவம் செய்தித் தணிக்கை ஆணை பிறப்பித்தது. அன்றைய ராணுவம் பேனாவைத்தான் தடுக்கப் பார்த்தது. லக்னோ, அமெரிக்க உள்நாட்டுப் போர், பிரான்ஸ்–பிரஷ்யப் போர் என்று பல களம் கண்ட ரஸ்ஸல், 'சர்' பட்டம் பெற்று, எண்பது வயதைத் தாண்டி 1907-இல் காலமானார்.

மேரி கால்வினுக்கு அந்த முதுமை வாய்க்கவில்லை. 'சண்டே டைம்ஸ்' நிருபரான இந்த அமெரிக்கப் பெண்ணைத் தமிழர்கள் மறக்கக் கூடாது. வெளிநாட்டு நிருபர்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டிருந்த வன்னிக்குள் 2001-இல் நுழைந்து, பொருளாதாரத் தடையில் மருந்தின்றித் தவித்த மக்களைப் பற்றி எழுதியவர் அவர். இரவில் முன்னரங்கைக் கடந்து திரும்பும்போது இலங்கை ராணுவம் சுட்டது. தான் பத்திரிகையாளர் என்று கத்திச் சொன்ன பிறகும் குண்டு வந்து வெடித்ததாக அவர் எழுதினார். இடது கண் பார்வை போயிற்று. அத்தோடு அவர் ஒதுங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கண்ணுக்குக் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு மறுபடியும் போர்முனைக்கே போனார்.

2012 பிப்ரவரியில் சிரியாவின் ஹோம்ஸ் நகரில், முற்றுகையிடப்பட்ட பாபா அம்ர் பகுதியில் இருந்தார். 21-ஆம் தேதி இரவு, ஷெல்லடியில் ஒரு குழந்தை இறந்ததைப் பிபிசிக்கும் சிஎன்என்னுக்கும் அங்கிருந்தே நேரடியாகச் சொன்னார். இருபது நாள் காத்திருப்பு இல்லை. உலகம் அப்போதே கேட்டது. மறுநாள் காலை அவர் தங்கியிருந்த வீட்டின் மீது ஷெல்கள் விழுந்தன. அவரும் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ரெமி ஓஷ்லிக்கும் இறந்தார்கள். சிரிய அரசு திட்டமிட்டே குறிவைத்தது என்று 2019-இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இன்று காசாவில் நிலைமை இன்னும் மோசம். 2023 அக்டோபர் முதல் வெளிநாட்டு நிருபர்கள் சுதந்திரமாக உள்ளே செல்ல இஸ்ரேல் விடவில்லை. செய்தி தருபவர்கள் உள்ளூர்ப் பாலஸ்தீனர்கள். ரஸ்ஸலுக்கும் கால்வினுக்கும் திரும்பிச் செல்ல ஓர் ஊர் இருந்தது. இவர்களுக்கு ஊரே போர்முனை. தம் பிள்ளைகளுக்கு ரொட்டி தேடிக்கொண்டே, 'பிரஸ்' என்று எழுதிய கவச உடையோடு செய்தி அனுப்புகிறார்கள். 1992-இல் கணக்கெடுக்கத் தொடங்கிய பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழு, தன் பதிவுகளிலேயே பத்திரிகையாளர்கள் மிக அதிகமாகக் கொல்லப்பட்ட போர் இதுதான் என்கிறது. அங்கிருந்து வரும் செய்தியைப் படிக்கும்போது, அனுப்பியவரின் பெயரையும் தேடிப் படியுங்கள்.