புகாருக்கும் முடிவுக்கும் இடையே

பொட்டலம் போடும் பெண் கல்லாவுக்கு வந்து, "குடோனில் இருப்பவர் என்னிடம் தப்பாக நடக்கிறார், முதலாளி" என்று சொன்னால் நாம் வழக்கமாகச் செய்வது இரண்டில் ஒன்று. ஆளைக் கூப்பிட்டு நாலு அறை விட்டுக் கணக்கை முடித்து அனுப்புகிறோம். அல்லது, "உனக்கு எதுக்கும்மா வம்பு, நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று அந்தப் பெண்ணையே நிறுத்திவிடுகிறோம். இரண்டுமே விசாரிக்காமல் எழுதிய தீர்ப்புதான்.

விசாரிப்பது நம் வேலையுமல்ல. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் கடையில் உள்புகார்க் குழு இருக்க வேண்டும். இல்லையென்றால் 50,000 ரூபாய் வரை அபராதம். பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தாலோ, புகாரே முதலாளி மீது என்றாலோ, மாவட்டத்தில் அமைக்கப்பட்ட உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் போக வேண்டும். நம் மளிகைக் கடைகளில் பல இந்த வகைதான். புகார் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் இருக்க வேண்டும். விசாரணைக்கு 90 நாள்.

அந்த 90 நாளும் இருவரும் ஒரே கூரையின் கீழ் நிற்க வேண்டியிருக்கிறதே, அங்கேதான் சிக்கல். அந்தப் பெண் எழுதிக் கேட்டால், இருவரில் ஒருவரை இடம் மாற்றவோ, அவருக்கு மூன்று மாதம் வரை விடுப்புத் தரவோ குழு பரிந்துரைக்கலாம். அதை நாம் நிறைவேற்றியாக வேண்டும். அந்த விடுப்பு அவருடைய வழக்கமான விடுப்பில் கழியாது. கிளை இல்லாத சிறிய கடையில் ஆளை எங்கே மாற்றுவது என்பீர்கள். குடோன்காரரை லோடு வண்டியோடு வெளி வேலைக்கு அனுப்பலாம், சம்பளம் குறையாமல். குடோன் சாவியை வேறொருவரிடம் கொடுக்கலாம். பெண்ணின் நேரத்தை மாற்றுவதானால் அவரைக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும். அவருக்குத் தண்டனை போல ஆகிவிடக் கூடாது.

கேமரா பதிவை அன்றைக்கே தனியே எடுத்து வைப்பது நல்லது. சில நாளில் பழையதன் மேல் புதியது ஏறிவிடும். அது புகாருக்கும் சாட்சியாகலாம், குற்றஞ்சாட்டப்பட்டவரையும் காப்பாற்றலாம்.

பஞ்சாயத்துப் பேசிக் கையில் கொஞ்சம் பணம் கொடுத்து முடிக்கும் பழக்கம் இதில் செல்லாது. சமரசம் அந்தப் பெண் கேட்டால் மட்டுமே, அதுவும் குழு வழியாக, பணம் பேசாமல். பெயர்களை வெளியிடவும் சட்டம் தடை செய்கிறது. சங்கக் கூட்டத்தில் தேநீர் குடிக்கும்போது பேசுவதும் வேண்டாம்.

புகார் நிரூபணமாகவில்லை என்று குழு சொல்லிவிட்டால், அந்தப் பெண் பொய் சொன்னதாக எண்ணி அவரை வேலையைவிட்டு நீக்க முடியாது. கெட்ட எண்ணத்தோடு பொய்ப் புகார் கொடுத்தார் என்று குழுவே விசாரித்து முடிவு செய்தால்தான் அவர் மீது நடவடிக்கை.