புகைக்கும் கணக்கு உண்டு

சரக்கு ரயிலில் ஏற்றும் நிலக்கரிக்கு எடை உண்டு, சீட்டும் உண்டு. அது அனல் மின் நிலையத்தில் எரிந்தபின் புகைபோக்கி வழியே வெளியேறும் தூசிக்குக் கணக்கு உண்டா? உண்டு. சுற்றிலும் வாழும் குழந்தைகளின் மூச்சு அக்கணக்கைச் சார்ந்திருத்தலின், அதனை நாம் அறிந்திருத்தல் நலம்.

பழைய முறை கண்மதிப்பு. பிரான்ஸ் தேசத்துப் பேராசிரியர் ரிங்கெல்மான் 1888இல், வெள்ளை அட்டையில் கருங்கோடுகளிட்டு, புகையின் கருமையை 0 முதல் 5 வரை தரம் பிரித்தார். படிக்குப் படி நூற்றுக்கு 20 பங்கு கருமை மிகும். ஆயினும் கண்ணுக்குக் கருமை தெரியுமேயன்றி எடை தெரியாது.

இரண்டாவது, நேரே நிறுப்பது. புகைபோக்கியினுள் குழாய் செலுத்திப் புகையை உறிஞ்சி, வடிகட்டியில் தங்கும் தூசியை நிறுப்பர். புகை செல்லும் வேகத்திலேயே உறிஞ்ச வேண்டும். வேகம் குறைந்தால் பருந்தூசி மிகுதியாய்ப் புகுந்து கணக்கு ஏறிவிடும். வேகம் கூடினால் இறங்கிவிடும்.

மூன்றாவது, ஏட்டுக் கணக்கு. 100 டன் நிலக்கரியில் 35 டன் சாம்பல் என்று கொள்வோம். நம் நாட்டு நிலக்கரிக்கு இது மிகையன்று. அதில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 28 டன், புகையோடு மேலெழும். மின்விசையால் தூசியை ஈர்க்கும் கருவி அதில் நூற்றுக்கு 99 பங்கைப் பிடித்தால் வெளியேறுவது 280 கிலோ. 99.9 பங்கைப் பிடித்தாலோ 28 கிலோ மட்டுமே! ஒரு பங்கினும் குறைந்த வேறுபாடு, தூசியைப் பத்து மடங்காக்குகிறது. ஆகவே, "99 சதவீதம் தடுக்கிறோம்" என்ற சொல்லில் நாம் மயங்கலாகாது. தப்பிச் செல்வது எவ்வளவு என்பதே வினா. கருவி பழுதுற்று நிற்கும் நாழிகைகளும் கணக்கில் ஏறினவா என்பது அடுத்த வினா.

2015 டிசம்பரில் மத்திய அரசு வகுத்த விதிப்படி, 2017 முதல் அமையும் அனல் நிலையங்களின் புகையில், கன மீட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் தூசி இருத்தலாகாது. புதிய நிலையம் அமைக்குமுன், 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, பொதுவாகப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடைபெறும். அறிக்கையின் சுருக்கம் அவ்வட்டார மொழியிலும் கிடைக்கும். பாதிப்புக்கு ஆளாகும் உள்ளூர்வாசிகள் அங்கே பேசலாம். பிழைக்க வந்த ஊராயினும், அங்கே மூச்சு விடுவோர் நாமும் அல்லவா? அயலார் என ஒதுங்காது, கூட்டத்திற்குச் சென்று, அந்த இரு வினாக்களையும் கேட்போமாக.