எலி சுகமாக இருந்தால் போதுமா?

"உந்தக் குரங்குகளைப் பிடிச்சு அனுப்பினால் தென்னையும் தப்பும், நாட்டுக்குக் காசும் வரும். பிறகென்ன?" ஊர்காவற்றுறைத் தேத்தண்ணிக் கடையில் இந்தக் கதை எழும்பினால், வன்னியில் காணி வைத்திருக்கிறவர்தான் முதலில் வாய் திறப்பார். அவருடைய கோபம் நியாயமானது. கணக்குத்தான் பிழை.

2023 ஏப்ரலில் அப்போதைய விவசாய அமைச்சர் மகிந்த அமரவீர, சீனாவிலிருந்து 100,000 டோக் மக்காக் குரங்குகளைக் கேட்கிறார்கள் என்றார். மிருகக்காட்சிச்சாலைகளுக்காம். அவ்வளவும் ஆய்வுகூடத்துக்குத்தான் போகும் என்று சூழலியலாளர்கள் சந்தேகப்பட்டார்கள். அப்படியொரு கோரிக்கை தெரியாது என்றது சீனத் தூதரகம். விசயம் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், ஏற்றுமதி இல்லை என்று அடங்கிற்று.

சரி, ஆய்வுகூடத்துக்குக் குரங்கு எதற்கு? ஒரு மருந்தின் நச்சுத்தன்மையை மனிதருக்குக் கொடுக்க முன் வழமையாக இரண்டு வகை விலங்குகளில் பார்ப்பார்கள். ஒன்று எலி, மற்றது பெரும்பாலும் நாய். குரங்கு கடைசியில்தான் வரும். ஆனால் மார்பகப் புற்றுநோய்க்கு ஏற்றும் டிரஸ்டுசுமாப் போன்ற மருந்துகள் மனித உடலிலுள்ள ஒரு குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப்போய் ஒட்டுவதற்கென்றே செய்யப்பட்டவை. எலியில் அந்தப் புரதத்தின் அமைப்பு வேறாக இருந்தால் மருந்து ஒட்டாது. நன்மையும் இல்லை, கேடும் இல்லை. எலி சுகம் என்ற அறிக்கையை வைத்து என்ன செய்வது? அங்கேதான் குரங்கு தேவைப்படுகிறது. கர்ப்பிணிகளும் எடுத்த தாலிடோமைடு என்ற மருந்து 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து, 1961இல் நிறுத்தப்படுவதற்குள் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கைகால் குறையோடு பிறந்துவிட்டார்கள். பிறகு சோதித்தபோது எலிகளில் அந்தக் குறை இலேசில் தெரியவில்லை; குரங்குக் குட்டிகளில் தெரிந்தது.

அதனால் குரங்கை அப்படியே நம்பலாமா என்றால், அதுவும் இல்லை. 2006 மார்ச்சில் லண்டன் நோர்த்விக் பார்க் வைத்தியசாலையில் டிஜிஎன்1412 என்ற மருந்தை ஆறு தொண்டர்களுக்கு ஏற்றினார்கள். குரங்குகள் தாங்கிய அளவில் 500இல் ஒரு பங்குதான். சில மணி நேரத்துக்குள் ஆறு பேருக்கும் உறுப்புகள் செயலிழக்கத் தொடங்கின. உயிர் தப்பியதே பெரிய காரியம். மருந்து பிடிக்க வேண்டிய புரதம் மனிதரின் ஒருவகை வெள்ளணுக்களில் இருந்தது. மக்காக் குரங்கின் அதே அணுக்களில் இல்லை. நெருங்கிய இனம்தான், ஆனால் பிசகியது சரியாக அந்த இடத்தில். அதன்பிறகு முதல் அளவை மிகக் குறைவாகத் தொடங்கி, ஒருவருக்குக் கொடுத்துப் பார்த்த பின்பே அடுத்தவருக்கு என்று விதிகள் இறுகின.

அதுவும் தோட்டத்தில் பிடிக்கும் குரங்கு இந்தச் சோதனைகளுக்கு உதவாது. வயது தெரியாது, பழைய நோய் தெரியாது. ஈரல் பழுதானால் மருந்தாலா, முன்பே இருந்த கோளாறாலா என்று சொல்ல முடியாது. ஆய்வுகூடங்கள் கேட்பது பண்ணையில் பிறந்த நீண்டவால் மக்காக்கை. அதன் இரத்தமும் ஈரலும் சுகமான நிலையில் எப்படி இருக்கும் என்பதற்குப் பல வருடப் பதிவுகள் உண்டு. எங்கள் டோக் மக்காக் இலங்கையில் மட்டுமே வாழும், அழிவை எதிர்நோக்கும் இனம். என்றாலும் தட்டுப்பாடு வந்தால் காட்டுக் குரங்குக்கும் பண்ணைச் சீட்டு ஒட்டிவிடுவார்களோ என்ற பயம் வீண் பயமல்ல.

2025 ஏப்ரலில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் விலங்குச் சோதனையைப் படிப்படியாகக் குறைக்கும் திட்டத்தை அறிவித்தது. தொடங்கப்போவது டிரஸ்டுசுமாப் வகை மருந்துகளில், அதாவது குரங்கு அதிகம் தேவைப்படும் அதே இடத்தில். பதிலுக்கு மனித உயிரணுக்களிலிருந்து வளர்த்த சிறு உறுப்பு மாதிரிகளும் கணினிக் கணிப்புகளும் வருமாம். ஆறு மாதம் தொடர்ந்து ஏற்றும் மருந்து சிறுநீரகத்தை என்ன செய்யும் என்பதை அவை எவ்வளவு தூரம் காட்டும் என்பதில்தான் இப்போது விவாதம்.