பந்தயக் காருக்குள் ஒரு கணக்குப்பிள்ளை!

1989-ம் ஆண்டு அக்டோபர் மாதம். ஜப்பானில் உள்ள சுசுகா கார் பந்தயத் தடம்.

மறுநாள் பந்தயத்தில் யார் முதல் இடத்தில் நின்று புறப்படுவது என்பதை முடிவு செய்யும் ஓட்டம் நடந்தது. பிரேசில் நாட்டு வீரர் அயர்ட்டன் சென்னா, தடத்தை 1 நிமிடம் 38.041 விநாடியில் சுற்றி வந்தார். அவருக்கு அடுத்தவர் பிரான்சு நாட்டு வீரர் அலென் புரோஸ்ட். அவருக்கு 1 நிமிடம் 39.771 விநாடி ஆயிற்று.

இருவரும் ஓட்டியது மெக்லாரன் கார்தான். இரண்டிலும் ஹோண்டா என்ஜின்தான். அப்படியிருந்தும் 1.73 விநாடி வித்தியாசம்!

நேரான பாதையில் எல்லா வீரர்களும் ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதிப்பார்கள். அங்கே என்ஜின்தான் பேசும். வீரரின் திறமை வளைவில்தான் தெரியும்.

டயரின் சம்பளம்

பஸ் திரும்பும்போது நாம் ஒரு பக்கமாகச் சாய்கிறோம் அல்லவா? அதுபோலவே வளைவில் கார் வெளிப்பக்கம் ஓடப் பார்க்கும். அதைத் தடத்தில் பிடித்து வைப்பது டயரின் பிடிப்பு. வேகம் 2 மடங்கானால், பிடிப்பு 4 மடங்கு வேண்டும்!

ஆனால், டயருக்கு உள்ள பிடிப்பு மாதச் சம்பளம் போல அளவானது. முழுவதையும் பிரேக்குக்கே செலவழித்தால், திரும்புவதற்கு மிச்சம் இராது. கார் சறுக்கிவிடும். உயிருக்கே ஆபத்து. பயந்து மெதுவாகத் திரும்பினாலோ, பின்னால் வருகிறவர் முந்திவிடுவார்.

இந்த எல்லையை உணர்ச்சியால் மட்டும் அறிவது கடினம். டயர் கிறீச்சிட்டு, கார் ஆடினால், 'பிரமாதமாகத் திரும்பினோம்' என்று மனம் துள்ளும். கடிகாரத்தைப் பார்த்தால், நேரம் கூடியிருக்கும்!

பொய் சொல்லாத கோடுகள்

உண்மையைச் சொல்ல ஒரு கணக்குப்பிள்ளை இருக்கிறார். அவர் பெயர் 'டெலிமெட்ரி'. காரின் வேகம், பிரேக்கை மிதித்த அளவு, ஆக்சிலரேட்டரை மிதித்த அளவு, ஸ்டீயரிங் திரும்பிய அளவு ஆகியவற்றைக் கருவிகள் விநாடிக்குப் பல தடவை அளக்கும். அந்த விவரம் வானொலி அலை மூலம் நிபுணர்களுக்குப் போய்ச் சேரும். கம்ப்யூட்டர் அதைக் கோடுகளாக வரைந்து காட்டும்.

வேகக் கோடு மேடும் பள்ளமுமாக இருக்கும். ஒவ்வொரு பள்ளமும் ஒரு வளைவு. நன்றாக ஓட்டியவரின் கோட்டின் மேல் உங்கள் கோட்டை வைத்துப் பார்த்தால் போதும். குட்டு வெளிப்பட்டுவிடும்!

முதல் தவறு: பிரேக்கை முன்னதாகவே மிதித்து, நெடுநேரம் மிதித்துக்கொண்டே போவது. தேர்ந்தவர், நேரான பாதையின் முடிவில் பலமாக மிதிப்பார். ஸ்டீயரிங்கைத் திருப்பத் திருப்ப, பிரேக்கை மெல்ல மெல்ல விடுவார்.

இரண்டாவது தவறு: பிரேக்கை விட்ட பிறகும் ஆக்சிலரேட்டரை மிதிக்காமல், காரைச் சும்மா ஓட விடுவது.

மூன்றாவது தவறு: மிதமிஞ்சிய வேகத்தில் வளைவுக்குள் நுழைவது. அப்படி நுழைந்தவர், வெளியே வரும்போது ஆக்சிலரேட்டரை மிதிக்க முடியாமல் தவிப்பார்.

இந்த மூன்றாவது தவறுதான் பெரிய நஷ்டம். 700 மீட்டர் நேரான பாதையை 180 கி.மீ. வேகத்தில் கடக்க 14 விநாடி ஆகும். 175 கி.மீ. வேகம் என்றால் 14.4 விநாடி ஆகும். அந்த 0.4 விநாடியில் முன்னால் போகிறவர் 20 மீட்டர் தூரம் போய்விடுவார்! வளைவுக்குள் நுழையும்போது அவசரப்பட்டவர், வெளியே வந்த பிறகு வட்டியும் முதலுமாகக் கொடுக்கிறார்.

எல்லாத் தவறுகளையும் ஒரே நாளில் திருத்த முயலக் கூடாது. ஒரு வளைவு, ஒரு மாற்றம். பிறகு மறுபடியும் கோட்டைப் பார்க்க வேண்டும். இதுவே நல்ல முறை. இந்தப் பயிற்சி எல்லாம் பந்தயத் தடத்தில்தான். ஊர்ச்சாலையில் அல்ல!

சென்னாவின் கால்

சென்னாவின் ஆக்சிலரேட்டர் கோடு ஹோண்டா நிபுணர்களுக்கு ஓர் அதிசயத்தைக் காட்டியது. வளைவில் அந்தக் கோடு ரம்பப் பல் போல ஏறி இறங்கியது. விநாடிக்குப் பல தடவை அவர் ஆக்சிலரேட்டரைத் தட்டித் தட்டி மிதித்திருந்தார்! வெளியே நின்று பார்க்கிறவர் கண்ணுக்கு அது தெரியாது.

1994-ம் ஆண்டு மே 1-ந் தேதி, இத்தாலி நாட்டில் இமோலா பந்தயத் தடத்தின் ஒரு வளைவில் கார் சுவரில் மோதி, சென்னா இறந்தார். அப்போது அவருக்கு வயது 34.

2013-ம் ஆண்டில் ஹோண்டா கம்பெனியார், 1989-ம் ஆண்டு ஓட்டத்தின் கணக்கைத் தேடி எடுத்தார்கள். சுசுகா தடம் நெடுக ஒலிபெருக்கிகளையும் விளக்குகளையும் வைத்தார்கள். இரவில் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிர்ந்து ஓடின. கூடவே என்ஜின் சத்தமும் ஓடியது. அதே வேகம்! அதே வளைவுகள்!

தடத்தில் கார் இல்லை. வீரரும் இல்லை. ஆனால், அவர் எந்த வளைவில் எப்படிக் காலை வைத்தார் என்பதைக் கணக்குப்பிள்ளை மறக்காமல் எழுதி வைத்திருந்தார்.