பெரியப்பா அனுப்பிய 49ஏ

ஏப்ரல் 19, 2024 வெள்ளிக்கிழமை மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு நடந்தது. அதற்குள் பதில் வேண்டும் என்று அப்போது வந்த கடிதங்களில் ஒரே கேள்வி பல கையெழுத்துகளில் வந்திருந்தது. மேல்பட்டாம்பாக்கத்து வாசகி ஒருவர் எழுதியிருந்தார்: “குடும்ப குரூப்பில் பெரியப்பா போட்டிருக்கிறார். பொய் என்று தோன்றுகிறது. சொன்னால் கோபித்துக்கொள்வார். என்ன செய்ய?”

அந்தச் செய்தி இதுதான்: பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் ஆதாரைக் காட்டி, 49ஏ பிரிவின்படி ‘சேலஞ்ச் ஓட்டு’ கேட்டுப் போடலாம். உங்கள் ஓட்டை வேறொருவர் போட்டிருந்தால் ‘டெண்டர் ஓட்டு’ போடலாம். டெண்டர் ஓட்டு 14 சதவீதத்தைத் தாண்டினால் மறுவாக்குப்பதிவு.

இதில் எது பொய்?

முழுப் பொய்யாக இருந்திருந்தால் இது இத்தனை நாள் ஓடியிருக்காது. சேலஞ்ச், டெண்டர் இரண்டும் 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் இருக்கின்றன. ஆனால் 49ஏ என்பது வாக்குப்பதிவு இயந்திரத்தின் வடிவமைப்பைச் சொல்லும் விதி. ஓட்டுரிமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சேலஞ்ச் இருப்பது 49ஜே விதியில். அதைக் கேட்பவர் வாக்காளர் அல்ல, பூத் ஏஜென்ட். “இவர் அந்த ஆள் இல்லை” என்று 2 ரூபாய் கட்டி ஆட்சேபிப்பார், வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் அங்கேயே விசாரிப்பார். அதாவது, ஒருவரை ஓட்டுப் போடவிடாமல் தடுக்கும் வழியை, ஓட்டுப் போடும் வழியாகத் திருப்பிப் போட்டுவிட்டார்கள்.

டெண்டர் ஓட்டு 49பி. ‘சர்கார்’ (2018) படத்துக்குப் பிறகு டீக்கடையிலும் தெரிந்த எண் இது. உங்கள் பெயரில் வேறொருவர் போட்டிருந்தால், அலுவலரின் கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்ன பின் உங்களுக்கு வாக்குச்சீட்டு தருவார்கள். இயந்திரத்தில் போட முடியாது. அந்தச் சீட்டு உறைக்குள் போகிறது, வழக்கமான எண்ணிக்கையில் சேராது. நீதிமன்றம் வரை போனால்தான் அதற்கு உயிர். 2008இல் ராஜஸ்தானின் நாத்துவாராவில் காங்கிரஸ் வேட்பாளர் சி.பி. ஜோஷி ஒரே ஓட்டில் தோற்றபோது, டெண்டர் ஓட்டுத் தகராறு உச்ச நீதிமன்றம் வரை போனது. 14 சதவீதக் கணக்கு எந்த விதியிலும் இல்லை.

ஆக, பெரியப்பா சொன்னதில் பாதி சரி. திருத்தும் வழியும் அங்கேதான் இருக்கிறது. குரூப்பில் “ஃபேக்” என்று போட்டால், மருமகன்கள் முன்னால் அவர் தலைகுனிய வேண்டும். பிறகு தப்பென்று தெரிந்தாலும் விட்டுக்கொடுக்க மாட்டார். தனியாகக் கூப்பிடுங்கள்: “பெரியப்பா, டெண்டர் ஓட்டு சரிதான், நல்ல விஷயம் போட்டீங்க. பேரு லிஸ்ட்ல இல்லன்னா மட்டும் போட முடியாதாம். நீங்களே குரூப்ல ஒரு வரி சொல்லிடுங்க, நீங்க சொன்னாத்தான் எல்லாரும் கேப்பாங்க.” திருத்தமும் அவர் பெயரில் போகும், அவர் மரியாதையும் அங்கேயே நிற்கும்.

தேர்தல் ஆணையம் மறுக்கவில்லையா?

மறுத்திருக்கிறது. பொய்யும் உண்மையும் என்று பிரித்துக் காட்டும் இணையப் பதிவேட்டை 2024 ஏப்ரல் 2 அன்று தொடங்கியது. அதைத் தேடிப் போய்ப் படிப்பவர், பெரும்பாலும் இந்தச் செய்தியை ஃபார்வர்ட் செய்யாதவர்தான்.

அரசின் சரிபார்ப்பை நம்பலாமா?

‘போலிச் செய்தி’ என்று அரசு சொல்லும்போது, சில நேரம் ‘எங்களுக்குப் பிடிக்காத செய்தி’ என்றும் பொருள். மத்திய அரசின் உண்மை சரிபார்ப்புப் பிரிவு அறிவிப்பை உச்ச நீதிமன்றம் 2024 மார்ச் 21 அன்று நிறுத்திவைத்தது. தமிழக அரசின் பிரிவுக்கும் அதே அளவுகோல்தான்.

வாட்ஸ்அப்பே தடுக்காதா?

பலமுறை ஃபார்வர்ட் ஆனதை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று 2020இல் கட்டுப்படுத்தியது. நூறு பேர் இருக்கும் குடும்ப குரூப்பும் ஒரு சாட்தான்.

பட்டியலில் பெயர் இருக்கிறது, வாக்காளர் அட்டை இல்லை?

ஆதார், நூறு நாள் வேலை அட்டை, படம் ஒட்டிய வங்கி பாஸ்புக் போன்றவற்றில் ஒன்று போதும்.

வாக்குப்பதிவு நெருங்கிய பிறகு பெயர் சேர்க்கலாமா?

அந்தத் தேர்தலுக்கு முடியாது.

பெயர் இருக்கிறதா என்று எப்படி அறிவது?

1950க்கு போன் செய்யுங்கள்.

ஒவ்வொரு ஓட்டும் முக்கியம்: 2019இல் சிதம்பரம் மக்களவைத் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 3,219 ஓட்டுதான். 49ஏவை நம்பிப் போய் வாசலில் வாக்குவாதம் செய்வதைவிட, பெரியப்பா பெயரோடு உங்கள் பெயரையும் இன்றைக்கே பட்டியலில் பார்த்துவிடுங்கள்.