வாய் அழுகும் உடும்பு

கோழிக்கூட்டுக்குள் அடைத்த உடும்பு சும்மா கிடக்காது. வலையின் ஒரு மூலையில் மூக்கை நுழைத்துத் தள்ளும், பின்வாங்கும், திரும்பவும் அதே இடத்தில் தள்ளும். சில நாட்களிலேயே மூக்கு நுனித் தோல் உரிந்து சிவந்துவிடும். பிடித்தபோது வாயைக் கம்பியால் கட்டியிருந்தால் உதட்டோரமும் கிழிந்திருக்கும். வாய் அழுகல் பெரும்பாலும் இப்படியான சின்னக் காயங்களில்தான் தொடங்குகிறது.

வன்னியில் உடும்பு வீட்டுக்கு வந்து சேரப் பல வழிகள் உண்டு. காணி துப்புரவாக்கும்போது அகப்பட்ட குட்டி, ஏ9 வீதியோரம் வாகனத்தில் அடிபட்டுக் கிடந்தது, தோட்ட வலையில் சிக்கியது, இறைச்சிக்கென்று பிடித்துப் பிள்ளைகள் அழுததால் உயிரோடு விட்டது. இரக்கப்பட்டு வைத்திருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் கவனிக்க வேண்டியது தீனி. விரும்பித் தின்ற முட்டையை அது தொடாமல் விட்டால் வாயைப் பாருங்கள். முரசில் ஊசிமுனை அளவில் சிவப்புப் புள்ளிகள் தெரியும். எச்சில் கெட்டியாகி நூலாக இழுபடும். பிறகு தாடை ஒரு பக்கம் வீங்கும், துர்நாற்றம் வரும், பல் ஆடும். வெயில் காயும்போது வாயைத் திறந்து வைப்பது நோயல்ல, உடற்சூட்டைத் தணிக்க அது அப்படிச் செய்யும். நிழலிலும் வாயை மூட முடியாமல் கிடந்தால்தான் பயப்பட வேண்டும்.

ஊர்வனவின் சீழ் நம் புண்ணின் சீழைப் போல வடிந்து போகாது. பாற்கட்டி மாதிரி மஞ்சளாக இறுகி முரசோடு ஒட்டியிருக்கும். அதன் அடியில் சூடோமோனாஸ், ஏரோமோனாஸ் போன்ற கிருமிகள் பெருகித் தாடை எலும்புக்குள் இறங்கும், நுரையீரலுக்கும் இரத்தத்துக்கும் போகும். மேலே மஞ்சள் பூசுவதால் அந்தக் கட்டி கரையாது. வீட்டில் மிஞ்சிய அமொக்சிசிலினைக் கரைத்து ஊற்றுவது அதைவிட மோசம். சூடோமோனாஸ் அந்த மருந்துக்கு அசையாது, ஊற்றிய தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

மருந்துக்கு முன் உடும்புக்குத் தேவை வெயில். நமக்குக் கிருமி தொற்றினால் உடம்பு தானாகக் காய்ச்சலை உண்டாக்கும். உடும்பால் அது முடியாது. வெயிலில் கிடந்து உடம்பை 35 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால்தான் அதன் எதிர்ப்புச் சக்தி வேலை செய்யும், சமிபாடு நடக்கும், ஏற்றிய மருந்தும் சரியாகப் பரவும். நிழலான சீமெந்துத் தொட்டியிலும் கவிழ்த்த கூடைக்குள்ளும் வைக்கும்போது இந்த ஒரே பாதுகாப்பையும் நாம் பறித்துவிடுகிறோம். பிறகு தனி இறைச்சித் துண்டையும் சோற்றையும் கொடுத்தால் கல்சியம் குறைந்து தாடை எலும்பே மெத்தென்று ஆகிவிடும்.

மிருக வைத்தியர் செய்வது வேறு. இறுகிய சீழை மயக்கத்தில் சுரண்டி எடுத்து, ஐதாக்கிய அயடீன் அல்லது குளோர்ஹெக்சிடீன் கரைசலால் கழுவி, எந்தக் கிருமி என்று பரிசோதித்து ஊசி மருந்து ஏற்றுவார். நாட்கணக்கில் முடிகிற வேலையல்ல, வாரக்கணக்கில் போகும். மாடு, ஆடு, கோழி என்று ஓயாமல் ஓடும் நமது பிரதேசக் கால்நடை வைத்தியரிடம் இதற்கான வசதியை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

சட்டமும் இங்கேதான் குறுக்கே நிற்கிறது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் உடும்பும் அதன் இனமான கபரக்கொய்யாவும் பாதுகாக்கப்பட்டவை. பிடிப்பது, கொல்வது, இறைச்சியை விற்பது மட்டுமல்ல, செல்லப்பிராணியாக வைத்திருப்பதும் குற்றம். அன்பாக வளர்த்தோம் என்பது அதற்குப் பதிலாகாது. அந்தப் பயத்தில் ஒளித்து வைத்தால் வாய் அழுகிச் சாவதும் அந்தக் கூட்டுக்குள்தான்.

காயப்பட்டதைக் கண்டெடுத்தால் அன்றைக்கே வனசீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 என்ற இலக்கத்தில் சொல்லுங்கள். திணைக்களத்துக்கென்று மிருக வைத்தியர்கள் இருக்கிறார்கள். எங்கே, எப்போது கண்டீர்கள் என்று குறித்து வையுங்கள், குணமானதும் அதே இடத்தில் விட அது உதவும். பழைய காயமென்றாலும் தாமதிப்பதால் எந்த நன்மையும் இல்லை.

அவர்கள் வரும்வரை காற்றுத் துளையிட்ட மட்டைப்பெட்டியில் இருட்டாக வையுங்கள். வாயைக் கட்டக் கூடாது, தீனி திணிக்கக் கூடாது, சீழை நகத்தால் கிள்ளவும் கூடாது. பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். கடித்தால் புண் ஆழமாகும், கடிக்காவிட்டாலும் ஊர்வனவின் எச்சத்திலிருந்து சல்மொனெல்லா தொற்றலாம், ஐந்து வயதுக்குட்பட்டவர்களை அது கடுமையாக வாட்டும். பெட்டியைத் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், சமையலறைத் தொட்டியில் அல்ல, வெளியே கிணற்றடியில்.