பேளகொண்டப்பள்ளி ஓடுபாதை

ஓசூரிலிருந்து தளி செல்லும் சாலையில் இருக்கும் இந்த ஓடுபாதை அரசு போட்டதல்ல. நீளம் 7,000 அடிக்குச் சற்று மேல். புனேயின் இந்தியன் சீம்லெஸ் குழுமத்தை நடத்திய தனேஜா குடும்பத்தின் பெயரைத் தாங்கும் 'தனேஜா ஏரோஸ்பேஸ் அண்ட் ஏவியேஷன்' நிறுவனத்துக்குச் சொந்தமானது.

1990களில் இங்கே உருவானது பி-68சி: ஆறு இருக்கை, இரட்டை எஞ்சின். இந்தியத் தனியார் துறை விமானம் செய்வது அன்று புதுமை. மூல வடிவம் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரிலிருந்த பார்ட்டெனாவியாவுடையது; வரைந்தவர் லூயிஜி பாஸ்காலே, முதலில் பறந்தது 1970இல். அவரும் அவருடைய சகோதரரும் பின்னர் தொடங்கிய டெக்னாமின் பி-2012 விமானம் இன்று கரீபியன் தீவுகளுக்கிடையே பயணிகளைச் சுமக்கிறது. ஓசூருக்குத்தான் அந்த யோகம் இன்னும் வாய்க்கவில்லை.

தடை தொழில்நுட்பமல்ல, ஒப்பந்தம். பெங்களூரு விமான நிலையத்தைச் சுற்றி 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை புதிய விமான நிலையத்துக்கு இடமில்லை என்பது 2004ஆம் ஆண்டின் சலுகை ஒப்பந்தம்.

மலரும் உதிரிபாகமும் ஏற்றுமதியாகும் ஊர் ஓசூர். பயணிகளோ விமானம் பிடிக்க மாநில எல்லையைத் தாண்டி, பெங்களூரு விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளிக்குப் போகிறார்கள். ஓசூரில் 2,000 ஏக்கரில் பன்னாட்டு விமான நிலையம் அமையும் என 2024 ஜூனில் சட்டப்பேரவையில் முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார்.